உப்புக்காத்து ஊரில ஒரு யூனோஸ் ரோட்ஸ்டர்: தேடின கதை, வாங்கின கதை, ஓடின கதை

கார் வீட்டுக்கு வந்து மூண்டாம் நாள் கேற்றடியில ஒரு அண்ணன் வந்து நிக்காரு. "தம்பி, இந்தக் காரைக் கலியாணத்துக்குக் குடுப்பீங்களா, மாப்பிள்ள பொம்பிளய ஏத்திக்கொண்டு கல்லடிப் பாலத்தால ஒரு சுத்து, அவ்வளவுதான்" எண்டாரு. ரெண்டு சீற்றுத்தானே இரிக்கு அண்ணன், ட்றைவர் எங்க இரிக்கிற எண்டு கேட்டன். கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு "மாப்பிள்ளயே ஓட்டட்டுமே" எண்டாரு. மட்டக்களப்பில இப்பிடி ஒரு காரை வெச்சிரிக்கிறதெண்டா இதுதான் நிலம, ஆரும் இதைக் காராவே கணக்கெடுக்கிறல்ல, ஒண்டு கலியாணச் சாமான், இல்லாட்டி விசர் பிடிச்சவன்ட விளையாட்டுச் சாமான்.

சரி, கார் என்னெண்டு சொல்லிர்றன். 1990ம் ஆண்டு யூனோஸ் ரோட்ஸ்டர், 1.6 என்ஜின், 5 கியர் மனுவல், சிவப்பு. யூனோஸ் எண்டது மஸ்டா கம்பனி ஜப்பானுக்குள்ள வெச்சிருந்த வேற ஒரு பேர், இதே காரை வெளிநாட்டில எம்எக்ஸ்-5 எண்டும் அமெரிக்காவில மியாட்டா எண்டும் வித்தவங்க. 1989 பெப்ரவரியில சிக்காகோ கண்காட்சியிலதான் முதல் காட்டினவங்க. லைற் போட்டா பொனட்டில இருந்து ரெண்டு கண் எழும்பி வருமே, அந்தக் கார்தான். சின்ன வயசில ஒரு பழைய ஜப்பான் சஞ்சிகையில பாத்தது, அந்தக் கண்ணுதான் என்னப் பிடிச்சது, வேற ஒரு தொழில்நுட்பக் காரணமும் இல்ல, பொய் சொல்ல ஏலா.

ஆனா முதல் நான் தேடினது இதை இல்ல. 2020 மார்ச்சில வாகன இறக்குமதிய நிப்பாட்டினது எல்லாருக்கும் தெரியும், மறுகா 2025 பெப்ரவரியில தனியார் வாகனத்துக்குத் திறந்த உடன நானும் நாலு பேரப் போல கொழும்பில ஒரு ஏஜென்ற்றப் பிடிச்சி புது ரோட்ஸ்டர் ஒண்டு கொண்டு வர எவ்வளவு போகும் எண்டு கேட்டன். கணக்கு வந்துது. கணக்க ஒருக்காப் பாத்தன், ஃபோனக் கவுட்டு வெச்சிட்டு வாவிக்கரைக்குப் போய் கொஞ்சம் நிண்டிட்டு வந்து மறுகாப் பாத்தன், அதே கணக்குத்தான். எங்கட நாட்டில எக்சைஸ் வரிய சிசிக்கு இவ்வளவு எண்டு பெருக்குவாங்க, சிசி கூடக் கூட ஒரு சிசிக்கான ரேற்றும் படிப்படியா ஏறும், அதுக்கு மேல சுங்க வரி, அந்தச் சுங்க வரிக்கு மேல சேச்சார்ஜ் எண்டு ஒரு மேலதிக வரி, ஆடம்பர வரி, கடைசியா எல்லாத்தையும் கூட்டி 18% வற் வரி. ஆன படியால இஞ்ச ஸ்போர்ட்ஸ் கார் தேடுறவன் குதிரைவலு பாக்க முதல் சிசியத்தான் பாக்கோணும். ஜப்பானில துணிக் கூரையோட வாற இப்பத்தைய ரோட்ஸ்டர் 1496 சிசி, 1500க்குள்ள அடங்கிரும், அதே காரில மடிக்கிற இரும்புக் கூரை வாறது 2 லீற்றர், அது வேற உலகம். ஜிஆர் யாரிஸ் எண்டு டொயோட்டா ஒண்டு அடிச்சாங்களே, மூண்டு சிலிண்டர் டர்போ, அது 1618 சிசி. அந்த 18 சிசியால 1600 படியத் தாண்டி அடுத்த படிக்கு ஏறிரும். எத்தினை பேரிட கனவு அந்த 18 சிசியில போச்சுதோ தெரியா.

அந்த ஏஜென்ற் பத்தி ரெண்டு வார்த்த சொல்லோணும், பேர் சொல்ல மாட்டன். ஜப்பான் ஏலத்தில நிக்கிற ஒரு காரிட ஏலத்தாள அனுப்பினவரு. ஒவ்வொரு காருக்கும் அங்க பாக்கிறவங்க ஒரு தாளில கார்ப் படம் கீறி எங்கெங்க அடி எண்டு குறிப்பாங்க, ஏ எண்டா கீறல், யூ எண்டா குழி, டபிள்யூ எண்டா டிங்கர் வேல செஞ்ச அலை, எக்ஸ் ரெண்டு போட்டிருந்தா அந்தத் துண்டு மாத்தின துண்டு. எழுத்துக்குப் பக்கத்தில நம்பர், நம்பர் கூடினா காயமும் கூட. மேல மூலையில மொத்த மார்க், 5, 4.5, 4, 3.5 அப்பிடி. இவரு அனுப்பின தாளில மார்க் இருக்க வேண்டிய இடத்தில ஆர் எண்டு இரிக்கு. அண்ணன் இது என்ன ஆர் எண்டு கேட்டா "அது ரீகண்டிஷன் தம்பி, நம்மட நாட்டுக்கு வாறது எல்லாம் ரீகண்டிஷன்தானே" எண்டு சொல்றாரு. ஆர் எண்டா அடிபட்டுத் திருத்தின வண்டி. அவருக்குத் தெரியாமச் சொன்னாரா தெரிஞ்சி சொன்னாரா எண்டு இண்டைக்கும் எனக்கு விளங்கல்ல, ரெண்டில எதெண்டாலும் அவருக்கிட்டக் காசு குடுக்க ஏலா தானே.

புதுசு சரி வராது எண்டு விட்டிட்டு பழசக் கேட்டன், 1990 கார் ஜப்பானில இருந்து கொண்டு வரலாமா எண்டு. அமெரிக்காக்காரனுக்கு 25 வருஷம் தாண்டின கார் எண்டாத்தான் பெரிய கட்டுப்பாடு இல்லாம உள்ள எடுக்கலாம், அதால அவன் ஜப்பான் முழுக்கப் பழைய நிஸான் ஸ்கைலைனும் ரோட்ஸ்டரும் வாரி அள்ளிக்கொண்டு போறான். நமக்கு நேர் எதிர்மாறு, 3 வருஷத்துக்கு மேல போன கார் உள்ள வராது. அதுக்கு அந்த மனுசன் சொன்ன பதிலக் கேளுங்க: "துண்டு துண்டா வெட்டி பார்ட்ஸ் எண்டு கொண்டு வந்து இஞ்ச ஒட்டிரலாம், ஒரு புக் மட்டும் தேடிக் குடுங்க". புக் எண்டா செத்துப் போன வேற ஒரு காரிட பதிவுப் புத்தகம். அண்டைக்கோட அவரிட நம்பர அழிச்சிட்டன்.

அப்ப விளங்கின விசயம்தான் இந்த முழு ரிவியூவுக்கும் அடி. நம்மட நாட்டுக்குள்ள இரிக்கிற பழைய ஸ்போர்ட்ஸ் கார் எல்லாம் அந்தந்தக் காலத்தில வந்து பதிவானதுதான், இனி ஒண்டும் கூடாது, குறையத்தான் செய்யும். என்ஜின் செத்தா கொழும்புப் பஞ்சிகாவத்தையில பழைய சாமான் கடைகளில வேற எடுக்கலாம், கியர்பொக்ஸ் எடுக்கலாம், சீற் தைக்கலாம். பொடியும் பேப்பரும் கெட்டா ஒண்டும் செய்ய ஏலா. ஆனா நான் பாத்த விக்கிற ஆக்கள் அவ்வளவு பேரும் என்ஜினத்தான் காட்டினவங்க, ஸ்டார்ட் பண்ணி ஒரு அமத்து அமத்தி "சத்தத்தக் கேளுங்க" எண்டு. சத்தத்தக் கேட்டு வாங்கிற சாமான் உடுக்கும் மத்தளமும்தான்.

மொத்தமா மூண்டு ரோட்ஸ்டர் பாத்தன். எனக்குத் துணையா வந்தது காத்தான்குடியில கராஜ் வெச்சிரிக்கிற ஒரு காக்கா (முஸ்லிம் அண்ணன்மார இஞ்ச அப்பிடித்தான் கூப்பிடுற), பழைய மஸ்டா பெமிலியா வேல செய்யிறதில கைகாரன். யூனோஸ் என்ஜினும் பெமிலியாட பி என்ஜின் குடும்பம்தான், இதுல மட்டும் நெடுக்குவாட்டா நிப்பாட்டி பின் சில்லுக்கு வலு குடுத்திரிக்கு. முதலாவது கார் நீர்கொழும்புப் பக்கம், வெளியால பாத்தா கண்ணாடி மாதிரி பெயின்ற். காக்கா ஒரு காந்தத்தத் துணியில சுத்தி எடுத்துக்கொண்டு வந்தவரு, கதவுக்குக் கீழ பின் சில்லுக்கு முன்னால வெச்சாரு, காந்தம் பிடிக்கல்ல, கீழ விழுது. இரும்பே இல்ல, முழுக்கப் பட்டி, ஓட்டைய அடைச்சுப் பூசுற பசை. கடலுக்கு அரைக் கிலோமீற்றர் தள்ளி 20 வருஷம் வெளியில நிண்ட கார். ரெண்டாவது இன்னும் மோசம், ஜப்பான் காரில இந்த 17 எழுத்து நீட்டுச் சேசிஸ் நம்பர் இரிக்காது, என்ஏ6சிஇ எண்டு தொடங்கி ஒரு கோடு போட்டு 6 இலக்கம், அது என்ஜினுக்குப் பின்னால உள்ள தகரச் சுவரில அடிச்சிரிக்கும். இந்தக் காரில அந்த நம்பரச் சுத்தி ஒரு சதுரமா வெல்டிங் கோடு. நம்பர் மட்டும் ஒரு கார், மிச்சம் வேற கார். பேப்பரக் கேட்டா ஓபன் பேப்பர், எண்டா பேர் மாத்தாமலே கை மாறின கார், பதிவில உள்ள சொந்தக்காரர் வெளிநாட்டில எண்டு கத, கையெழுத்து மட்டும் தயாரா இரிக்கு. காக்கா ஒண்டும் பேசல்ல, கைய உடுப்பில தொடச்சிட்டு "வாங்க தம்பி, தேத்தண்ணி குடிப்பம்" எண்டாரு. அதுதான் அவரிட தீர்ப்பு.

மூண்டாவது கண்டியில. ஓய்வெடுத்த ஒரு ஐயா, கன வருஷமா அவரிட்டத்தான். மல நாட்டுக் காரத் தேடுங்க எண்டு நான் எல்லாருக்கும் சொல்றதுக்குக் காரணம் இதுதான், அங்க மழ இரிக்கு, ஆனா உப்பு இல்ல. இந்தக் காரில பாக்க வேண்டிய இடம் எல்லாரும் பாக்கிற இடம் இல்ல. கூரைத் துணியில விழுற தண்ணி சீற்றுக்குப் பின்னால ரெண்டு பக்கமும் உள்ள ஓட்டையால இறங்கிக் கீழ போகோணும், அந்த ஓட்டையில இலையும் மண்ணும் அடைச்சா தண்ணி கதவுக்குக் கீழ உள்ள பெட்டிக்குள்ள நிண்டு உள்ளுக்குள்ளாலயே தின்னும், வெளியால தெரிய வரக்குள்ள காரியம் முடிஞ்சிரும். நான் ஒரு போத்தல் தண்ணி கொண்டு போய் ஐயாட அனுமதியோட ரெண்டு பக்கமும் ஊத்தினன். இடது பக்கம் அப்பிடியே சில்லுக்கு முன்னால கொட்டுது, வலது பக்கம் வரல்ல. ஐயா உள்ள போய் ஒரு ஈர்க்கில் கொண்டு வந்தாரு, குத்தி எடுத்தா பைன் மரத்துச் சருகு ஒரு பிடி, மறுகா தண்ணி வந்துது, தெளிவா, துருக் கலர் இல்லாம. எனக்கு அந்த இடத்திலயே கார் முடிவாப் போச்சுது.

டிக்கியையும் திறந்து பாருங்க, இந்தக் காரிட பற்றரி டிக்கிக்குள்ளதான் இரிக்கு, வந்தது ஒட்டி அடச்ச சின்னப் பற்றரி, அதுக்குப் பதிலா மலிவா சாதாரணப் பற்றரி போட்டவங்களிட காரில அசிட் ஆவி பட்டு அந்த மூலைத் தகரம் தின்னுப்பட்டிரிக்கும். அடுத்தது 1989ல இருந்து 1991 தொடக்கம் வரைக்கும் வந்த கார்களில உள்ள ஒரு வருத்தம், கிராங்க் மூக்கு. கிராங்க் எண்டா பிஸ்டனுகள் சுத்த வெக்கிற தண்டு, அந்தக் காலத்துக் கிராங்கிட முன் மூக்கு கட்டை, அதில புலிய, அதாவது பெல்ற் ஓடுற சில்லைப் (pulley), பிடிக்கிற போல்ற் ஒருக்கா லூசாகினா, ரெண்டையும் சேத்துப் பூட்டுற சாவி எண்ட சின்ன இரும்புத் துண்டு போற பள்ளத்த ஆட்டி ஆட்டிக் கெடுத்து கடைசியா கிராங்கையே மாத்த வெச்சிரும். 1991ல திருத்திட்டாங்க. புலியில பள்ளம் 4 இருந்தாக் கட்டை மூக்கு, 8 இருந்தா நல்ல மூக்கு. என்டது 4. ஓம், தெரிஞ்சிதான் வாங்கினன். காக்கா டைமிங் பெல்ற் மாத்தக்குள்ள சாவி பாத்தாரு, ஆட்டம் இல்ல, புது போல்ற் போட்டுச் சரியான இறுக்கத்தில பூட்டினாரு. அந்த 1.6 என்ஜினில ஒரு நல்ல விசயம், பெல்ற் அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் முட்டாது, றோட்டில நிப்பீங்க, ஆனா என்ஜின் போகாது.

பேப்பர் வேல அலுப்புத்தான். நாரஹேன்பிட்டி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில விபரம் எடுத்து, புத்தகத்தில உள்ள என்ஜின் நம்பரும் கலரும் காரில உள்ளதும் ஒண்டா எண்டு பாத்து, பேர் மாத்தி, எல்லாம் முடிச்சன். விலையக் கேக்காதீங்க, வீட்டுக்காரி இதைப் படிப்பா.

ஊருக்குக் கொண்டு வந்த நாள் இரிக்கே. கண்டியால வெள்ளன வெளிக்கிட்டு மகியங்கன றோட், அதில 18 வளைவு எண்டு பேர் போன இறக்கம் இரிக்கே, மூடிக் கிடந்த கூரையக் கழட்டி விட்டிட்டு அதால இறங்கினன். இந்தக் காரப் பத்தி மஸ்டாக்காரன் ஜின்பா இத்தாய் எண்டு ஒரு சொல் சொல்லுவான், குதிரையும் குதிரக்காரனும் ஒண்டாகிற எண்டு, விளம்பரக் கத எண்டுதான் நானும் நினைச்சன். மொத்தமே 940 கிலோ, முன்னுக்கும் பின்னுக்கும் பாரம் கிட்டத்தட்டச் சரி பாதி, நாலு சில்லுக்கும் டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன், கியர்த் தடி ஒரு விரல் நீளம்தான் அசையும். ரெண்டாவது கியரில கிறுக்கி எடுத்து மூண்டு, மறுகா ரெண்டு, பதினெட்டும் முடியக்குள்ள கீழ போய் காரத் திருப்பிக்கொண்டு மறுகா மேல ஏறினன், சத்தியமா. பெற்றோல் காணாமப் போயிரும் எண்டு காக்கா பக்கத்தில இருந்து ஏசுறாரு. மறுகா பதியத்தலாவ, மகா ஓயா தாண்டி புல்லுமலைப் பக்கம் பொழுது பட்டிட்டு, றோட்டோரம் ஒரு தனி யானை. கூரை இல்லாத காரில, யானைட முழங்காலுக்குச் சரியா நம்மட தல, லைற் போட்டா ரெண்டு கண் எழும்பும், எழும்பினா அவருக்குக் கோவம் வருமோ எண்டு பயத்தில லைற்றும் போடாம நிண்டம். கலிமா சொல்லிக்கொண்டு காக்கா, மாமாங்கேஸ்வரர நினைச்சிக்கொண்டு நான். பத்து நிமிசம் நிண்டிட்டு அவரு போயிட்டாரு. கரடியனாறு கடந்து செங்கலடிச் சந்தி வெளிச்சத்தக் கண்ட பிறகுதான் ரெண்டு பேரும் வாய் திறந்தம்.

இப்ப ஒரு கச்சானும் (வெக்கைக் காத்து வீசுற காலம்) ஒரு மாரியும் பாத்தாச்சு, உண்மையச் சொல்லோணும். பகல் பத்து மணியில இருந்து நாலு மணி வரைக்கும் கூரை திறக்கிற எண்டது மட்டக்களப்பில நடக்கிற காரியம் இல்ல, கச்சான் காத்து வீசக்குள்ள ஹெயார் ட்றையரக் கையில பிடிச்சிக்கொண்டு கார் ஓடுற மாதிரி. ஏசி அந்தக் காலத்து ஆர்12 காஸுக்குச் செஞ்சது, 134ஏக்கு மாத்தி ஓடுது, குளிர்ச்சி இரிக்கு, ஆனா கறுப்புத் துணிக் கூரைக்கு அது காணாது. காலையில அஞ்சரைக்கும் பின்னேரம் அஞ்சரைக்குப் பிறகும்தான் இந்தக் காரிட நேரம். கூரை இறக்க முதல் பின்னுக்குள்ள பிளாஸ்ரிக் கண்ணாடிய சிப்பத் திறந்து படுக்க வைக்கோணும், அவசரத்தில நான் ரெண்டு தரம் மறந்திட்டன், இப்ப குறுக்கால ஒரு வெடிப்பு. அது என்ட பிழ, காரிட பிழ இல்ல. மாரியில கூரை ஒழுகல்ல, ஆனா வெள்ளம் றோட்டில நிண்ட கிழமைகள் காரை வெளியால எடுக்கவேயில்ல, இவ்வளவு பணிஞ்ச காருக்கு முழங்கால் தண்ணியே கடல். ஸ்பீட் பிரேக்கரக் கோணலாத்தான் ஏறோணும், ஆரையம்பதிப் பக்கம் ஒண்டு இரிக்கு, எப்பிடி ஏறினாலும் சைலன்சர் முட்டும், அதுக்கு நான் பேரே வெச்சிரிக்கன்.

உப்பு. நம்மட ஊர் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவுக்க ஒரு கீலம் மண். கண்டியில 30 வருஷம் சுகமா இருந்த காருக்கு இஞ்ச ஆறு மாசத்தில கதவுக் கீல் போல்ற்றில வெள்ளப் பூச்சு வந்திட்டு. காக்கா சொல்லி, அடிப்பக்கத்துக்கு மெழுகுத் தைலம் அடிச்சன், கிழமைக்கொருக்கா நல்ல தண்ணியில அடிப்பக்கம் கழுவுறன், கல்லடிக் கடக்கரைக்குப் போனா அண்டைக்கே கழுவுறது. காரோட ஒட்டிக் கிடக்கிற கவர் போடாதீங்க, ஈரத்தப் பிடிச்சி வெச்சிரும், காத்தோட்டமான கொட்டில்தான் நல்லம்.

செலவு பயந்த அளவு இல்ல. டயர் 185/60 14, எந்த டயர்க் கடையிலயும் இரிக்கு. வோட்டர் பம், பெல்ற் மாதிரிச் சாமான் கஷ்டமில்ல. பெற்றோல் லீற்றருக்கு 11, 12 ஓடுது. கூரைத் துணி, ரப்பர் மாதிரி இந்தக் காருக்கே உரிய சாமான்தான் வெளியால எடுக்கோணும், நல்ல காலம் மஸ்டாவே பழைய ரோட்ஸ்டருக்குக் கன சாமான் திரும்ப அடிக்குது. காலையில ஸ்டார்ட் பண்ணினா மேல டிக் டிக் எண்டு தையல் மெஷின் சத்தம் வரும், வால்வுக்கு மேல இரிக்கிற ஒயில் லிஃப்டரிட சத்தம், சூடானா நிண்டிரும், பயப்பிடத் தேவல்ல.

120 குதிரைதான், இப்பத்தைய டர்போக் காரெல்லாம் நேர் றோட்டில இதைத் தாண்டிப் போகும், போகட்டும். நம்மட றோட்டில ஊருக்குள்ள 50, வெளியால 70, அதுக்கு மேல போனா பொலிஸ் அண்ணன் மரத்துக்குப் பின்னால நிப்பாரு. 280 குதிரை நிஸான் ஜிடிஆர் ஒண்டு 70ல போனா கட்டிப் போட்ட கடுவன் மாதிரித்தான் இரிக்கும். இந்தக் கார் 60லயே உங்களிட்டப் பேசும், காத்தான்குடி ஈச்ச மரங்களுக்கிடையில 40ல போகக்குள்ளயும் ஸ்டியரிங்கில றோட்டிட கல்லு கையில தெரியும். பழைய ஸ்கைலைனுக்கும் மிட்சுபிஷி எவோவுக்கும் ஆசப்பட்டுக் காசு சேக்கிற பொடியனுகள் இதை ஒருக்கா ஓடிப் பாத்திட்டு முடிவெடுங்க.

ஆருக்குச் சரிவராது எண்டா, வீட்டில வேற வாகனம் இல்லாத ஆக்களுக்குச் சரிவராது. மகளை டியூஷனுக்குக் கொண்டு போகலாம், ஆனா மகளையும் மகனையும் ஒண்டா ஏலா, அம்மாவ ஏத்தினா இறக்கிறதுக்கு ரெண்டு பேர் வேணும். ரேற்றிங் கேட்டா பத்துக்கு எட்டு, குறஞ்ச ரெண்டில ஒண்டு வெயிலுக்கு, ஒண்டு அந்த ஆரையம்பதி பிரேக்கருக்கு.

இன்னொண்டு, என்டதில இடது பக்கத்து லைற் மோட்டர் இப்ப சோம்பல், பாதியில நிண்டு கண்ணடிக்குது, பொனட்டத் திறந்து கையால திருகித்தான் முழுசா எழுப்பிறன். ஆரிட்டயாவது 1.6 கழிவுக் காரில நல்ல மோட்டர் ஒண்டு கிடந்தா சொல்லுங்க, குருநாகல், கண்டி எண்டாலும் பரவால்ல, 18 வளைவால வாறன்.